திண்டிவனம் – விழுப்புரம்: பெரியவள் தினமும் போன வழி

இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியது என் பெரிய பெண் ஹேமா. இதை எழுதுவது அவள் அம்மா மஞ்சுளா. நான் ஆறாவது வரைதான் படித்தேன். போனில் பேசினால் எழுத்தாக விழுகிறது. பிழைகளைச் சின்னவள் யாமினி திருத்தினாள். பிழையை மட்டும் திருத்து, வேறு ஒன்றையும் தொடாதே, உன்னைப் பற்றிச் சொன்னதும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஹேமா 800 மீட்டர் ஓடுவாள். போட்டிக்குப் போகிற ஊருக்கெல்லாம் எந்த பஸ், எத்தனை மணி, எவ்வளவு காசு, கழிப்பறை எப்படி என்று மற்றப் பெண் பிள்ளைகளுக்காக இங்கே எழுதிப் போடுவாள். போன வருடம் மார்கழியோடு அது நின்றுவிட்டது. ஏன் எழுதவில்லை என்று கீழே நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் யாமினி எனக்குப் படித்துக் காட்டினாள். யாருக்கும் நான் பதில் போடவில்லை. இதுதான் பதில்.

அந்த மார்கழியில் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையும் மாவட்டப் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தன. காய்ச்சலோடு பரீட்சை எழுதினாள். காய்ச்சலோடு ஓடினாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். டெங்கு என்றார்கள். காய்ச்சல் என்பதே எனக்கு நாலாம் நாள் சாயந்திரம்தான் தெரியும். ஹைவே ஓரத்து ஓட்டலில் எனக்கு மாவு, சட்னி வேலை. பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வருவார். ஓட்டம்தான் என் பெண்ணை எடுத்துக்கொண்டது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தை மாதம் யாமினி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஓட விட்டுப் பார்த்திருக்கிறார்கள், 800 மீட்டருக்குப் பெயர் சேர்த்து விழுப்புரம் மைதானத்துப் பயிற்சிக்கு எழுதியிருக்கிறார்கள். பெற்றோர் சம்மதக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்குள் கொடுக்க வேண்டும். "போட மாட்டேன்" என்றேன். அவள் சண்டை போடவில்லை. தினமும் அந்தத் தாளை அரிசி டின் மேல் வைத்துவிட்டுப் போவாள், நான் எடுத்து அவள் பைக்குள் திணிப்பேன். வாரத்தில் மூன்று நாள் காலையில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள், படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்று இருந்தேன்.

வியாழன் ராத்திரி அவள் பையிலிருந்து தாளை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். நேராக, ஹேமா பயிற்சி எடுத்த விழுப்புரம் மைதானத்துக்கே போய், "என் சின்ன பொண்ணு பேரை எடுத்துடுங்க" என்று ஹேமாவின் கோச்சிடம் சொல்லிவிடுவது, அங்கேயே கிடக்கிற ஹேமாவின் ஷூ பையை வாங்கிக்கொண்டு வருவது. இதற்குத்தான் போனேன். ஓட்டலில் லீவு சொன்னேன். யாமினியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல நாலு மணிக்குக் கிளம்பினேன். வீட்டிலிருந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு நடந்து பதினைந்து நிமிடம். இரண்டு வருடம் இந்த ரோட்டில் அவள் தனியாக நடந்திருக்கிறாள். ஒரு நாள்கூட நான் கூட வந்ததில்லை. ஹேமா ஏறுவது 5.05 பஸ். அதில் ஏற எனக்கு மனசு வரவில்லை. முதலில் கிளம்பிய 4.25 பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடப் பாஸ் இந்த வழிக்குச் செல்லாது, பிள்ளைகளுக்கும் முழு டிக்கெட்தான்.

மூன்று பேர் சீட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்தார். என்னைப் பார்த்தார், பக்கத்தில் ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு விழுப்புரமா?"

"ஒண்ணுதாங்க."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் பார்த்தார். "பையா? ஆளுன்னு நெனச்சிகினேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பை மடியில் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒன்றும் இல்லை.

தூக்கக் கலக்கத்தில் கேட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். வெளியே பனி. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை, எதிரே வருகிற லாரிகள் முதலில் சத்தமாக வந்து அப்புறம்தான் லாரியாக ஆகின. இந்த வழி பஸ்ஸில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள், அதனால்தான் நோட்டில் எழுத்து எல்லாம் குலுங்கியிருக்கும். டீச்சர் அதற்கு அவளைத் திட்டியிருக்கிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

5.05-க்கு விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினோம். பஸ் ஐந்து நிமிடம் நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய், சூடு உண்டு, சர்க்கரை ஜாஸ்தி. கழிப்பறை வேண்டும் என்றால் இங்கே போகாதீர்கள், விழுப்புரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். டோல்கேட்டின் மஞ்சள் விளக்கு பனியில் கரைந்து எல்லார் முகமும் காமாலை பிடித்த மாதிரி இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது 5.25. மைதானத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். பெரிய தாடி வைத்த பாய் ஒருவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிரவுண்டுக்குப் போவணும் பாய்."

"ஜல்தி ஏறுங்க. இந்த நேரத்துல வாக்கிங் போறவங்களா? பாத்தா தெரியலியே."

"வாக்கிங் இல்ல. எம் பொண்ணு அங்க ஓடுவா."

"எந்தப் பொண்ணு? நெறைய வருதுங்க."

"திண்டிவனத்துலேர்ந்து. நீல ஜெர்சி, முதுகுல நாப்பத்தி ஒண்ணு."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அட, நாப்பத்தி ஒண்ணோட அம்மாவா! ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் பாடத்த முணுமுணுத்துகினே வருமே. நான் கேட்டு கேட்டு எனக்கே பரீட்சை வெச்சா பாஸ் பண்ணிடுவேன்."

பழைய ஞாபகத்தில் பேசுகிறார், அவருக்குச் சேதி தெரியாது என்று நினைத்தேன். எப்படிச் சொல்வது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"போன ஞாயித்துக்கெழமகூட மழையில நனைஞ்சிகினு நின்னுச்சு. ஏம்மா, லீவு நாளுல இன்னாத்துக்கு வந்தேன்னு கேட்டேன். பதிலே சொல்லல. நான்தான் ஏத்திகினு போயி வுட்டேன். ஒரு கொடை வாங்கிக் குடுங்கம்மா பொண்ணுக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை.

இருபது ரூபாயை நீட்டின கை அப்படியே நின்றது. அவரே எடுத்துக்கொண்டார்.

மைதானத்தில் ஒரு கேட் வாக்கிங் போகிறவர்களுக்கு, ஒரு கேட் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் கேட்டில் ஒரு மேஜை, ஒரு குண்டு பல்பு, ஒரு நோட்டு. கம்பளி குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்ட வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமலே, "வாக்கிங் அந்தப் பக்க கேட்டு" என்றார்.

"ஹேமலதாவோட அம்மாங்க. திண்டிவனம்."

"நாப்பத்தி ஒண்ணா? இன்னும் வரலியேம்மா. ஆறேகால் ஆவும்."

"எப்ப வந்தா கடைசியா?"

"நோட்டப் பாரும்மா, நான் இன்னா பொய்யா சொல்றேன்" என்று நோட்டை என் பக்கம் திருப்பினார்.

எழுத்துக் கூட்டாமல் எனக்குப் படிக்க வருகிற பெயர்கள் கொஞ்சம்தான். என் பெயர், வீட்டுக்காரர் பெயர், இரண்டு பிள்ளைகள் பெயர். புதன்கிழமை, ஹேமலதா, 6.12. திங்கட்கிழமை, ஹேமலதா, 6.15. பக்கத்தைத் திருப்பினேன். அதற்கு முந்தின வாரமும் இருந்தது. அதற்கு முந்தின வாரமும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் பயம் வரவில்லை. ஆசை வந்தது. இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் வந்துவிடுவாள் என்று ஆசை. கொள்ளி வைத்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் கேலரிப் படியில் போய் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், வருகிறவள் என்னை அழுத முகமாகப் பார்க்கக் கூடாது என்று.

மைதானம் முழுவதும் பனி. ஓடுகிற பாதையில் வெள்ளைக் கோடு நாலடிக்குத் தெரிந்தது, அப்புறம் இல்லை. பிள்ளைகள் ஓடினார்கள். காலடிச் சத்தம் வரும், ஒரு உருவம் வரும், போகும், சத்தம் மட்டும் மிச்சம் இருக்கும். ஆறேகால் தாண்டியது. பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"இதயத்துக்கு நாலு அறை. மேல ரெண்டு ஆரிக்கிள், கீழ ரெண்டு வெண்ட்ரிக்கிள். வலது பக்கம் கெட்ட ரத்தம்..."

எனக்கு இந்தப் பாடம் தெரியும். ஹேமா பத்தாவது படித்தபோது மூன்று மாதம் கேட்டிருக்கிறேன். மெதுவாக ஓடுகிற சுற்றுகளில் பாடத்தைச் சொல்லிக்கொண்டே ஓடுவது அவள் பழக்கம். பாடம் சொல்ல முடிகிற வேகம்தான் சரியான வேகம், மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், மூச்சு எடுக்கிற இடத்தில் பாடம் நிற்கும் என்பாள். ஓடுகிறவளுக்குப் படிக்க நேரம் கிடையாதே, அதற்கு அவளே கண்டுபிடித்த வழி.

குரல் ஒரு சுற்று சுற்றி வந்தது. அந்தக் குரல் நடுவில் மூச்சு எடுக்கவே இல்லை. ஒரு வரி முடிகிற இடத்திலேயே அடுத்த வரி தொடங்கியது, இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொல்கிற மாதிரி. நான் எழுந்து பாதை ஓரத்துக்கு வந்தேன். நீல ஜெர்சி என்னைத் தாண்டிப் போனது. முதுகில் 41. வலது கை உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி வீசியது. ஹேமா கை அப்படித்தான் வீசும்.

"ஹேமா!" என்று கத்தினேன்.

உருவம் நின்றது. உடனே திரும்பவில்லை. தன் பக்கத்தில், உள்பக்கப் பாதையைத்தான் முதலில் பார்த்தது. அப்புறம்தான் என் பக்கம் திரும்பியது.

யாமினி.

"அம்மா... நீ எப்டிம்மா இங்க?"

அடிக்கக் கையை ஓங்கினேன். ஓங்கின கை எங்கே போவது என்று தெரியாமல் அவள் நெற்றியில் விழுந்தது. சில்லென்று இருந்தது, வேர்வை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்பெஷல் கிளாஸா இது? ஏண்டி, யாரு ஜெர்சிடி இது?"

"அக்காவோடது."

"கேட்டுல அவ பேரு எழுதியிருக்குதே!"

"அக்கா கார்டுதாம்மா. நீ கையெழுத்து போடாம எனக்குக் கார்டு குடுக்க மாட்டாங்க. வாட்ச்மேன் தாத்தா மூஞ்ச பாக்க மாட்டாரு, நம்பரைப் பாத்து பேரை எழுதிக்குவாரு. நான்தான் அக்கான்னு அவரு நெனச்சிகினு இருக்காரு."

"அஞ்சு அஞ்சு பஸ்ஸுலயா வர்றே?"

"ஆமா. நீ நாலு மணிக்குப் போனதும் கெளம்பிடுவேன்."

அதற்குள் கோச் வந்துவிட்டார்கள். கோச் ஒரு பெண்தான், நாற்பது வயது இருக்கும். அம்மா சம்மதம் கொடுத்துவிட்டார்கள், தாள் மட்டும் பாக்கி என்று யாமினி சொல்லியிருக்கிறாள். நான் சம்மதம் தரவில்லை என்று தெரிந்ததும் கோச் முகம் மாறியது. "யாமினி, இன்னைக்கு இதோட போதும். நீங்க பேசிக்குங்கம்மா. நீங்க வேணாம்னு சொன்னா நான் இவளைக் கேட்டுக்குள்ள சேக்க மாட்டேன்" என்று சொல்லி, ஹேமாவின் ஷூ பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் சொல்ல வந்ததை அவர்களே சொல்லிவிட்டார்கள். "ஆமாம், வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லாமல் ஷூ பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கேலரிப் படியில் உட்கார்ந்தோம். யாமினி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள், அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லு."

"அக்காவுக்கு ரெண்டாம் நாளே காச்சல்னு எனக்குத் தெரியும். ஓட்டல் வுட்டு நீ வர்ற நேரம் பாத்து மூஞ்சிய தண்ணியில கழுவிக்கும். தொட்டா சுடக்கூடாதுன்னு. சொல்லாதடி, ஓடி முடிச்சிட்டு நானே சொல்லிக்கிறேன்னுச்சு. நான் சொல்லல."

பிள்ளை ஒரு வருடமாக இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்திலேயே படுத்துத் தூங்கின எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கு நீ ஏண்டி இங்க வந்து ஓடுறே?"

"மொதல்ல ஒருநாள் சும்மா வந்தேம்மா. அக்கா எங்க ஓடுச்சுன்னு பாக்க. அது மாதிரியே பாடத்த சொல்லிகினு ஓடிப் பாத்தேன். எங்க மறந்துபூடுதோ, அங்க அது எடுத்துக் குடுக்குது."

"எது?"

அவள் உள்பக்கப் பாதையைக் காட்டினாள். அங்கே பனி மட்டும்தான் இருந்தது.

"நெசமா கேக்குதா, நானா நெனச்சிக்கிறேனா தெரியலம்மா. உனக்குக் கேட்டுச்சா?"

"போ, குளி. ஸ்கூலுக்கு நேரமாவுது" என்றேன்.

பெண்கள் அறையில் ஒரே குழாய். வாளி கிடையாது, மக் நீங்களே கொண்டுபோக வேண்டும். உள்தாழ்ப்பாள் சரியில்லை, துணைக்கு ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். ஹேமாவுக்கு யார் நின்றார்களோ.

7.15-க்கு மைதானத்தை விட்டோம். ஸ்டாண்டில் நாலு இட்லி நாற்பது ரூபாய், பார்சல் கட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே சாப்பிடலாம். 7.40 பஸ் திண்டிவனத்துக்கு 8.45. மணி அடிப்பது 9.10. இரட்டைச் சடை மடித்து ரிப்பன் கட்டாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைப்பார்கள். அதனால் ஈரத் தலையை பஸ்ஸில்தான் பின்ன வேண்டும். நான் பின்னிவிட்டேன். மூன்று பேர் சீட்டு அது. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேருமே ஜன்னல் ஓரத்தை விட்டு உட்கார்ந்திருந்தோம்.

டோல்கேட் தாண்டும்போது கேட்டேன். "ஞாயித்துக்கெழம மழையில எதுக்குடி வந்தே? ஆட்டோ பாய் சொன்னாரு."

"எந்த ஞாயித்துக்கெழம?"

"போன வாரம்."

"அன்னிக்கு நாள் பூரா உன்கூடதானம்மா மல்லாட்டை ஒடச்சிகினு இருந்தேன்?"

ஆமாம். உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டை வேர்க்கடலை, நகம் வலிக்கிறது என்று இரண்டு பேரும் புலம்பினோம். வெளியே மழை. பாய் நாளைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம், வேறு பிள்ளையைச் சொல்லியிருக்கலாம். அவரிடம் போய்க் கேட்கப் போவதில்லை. யாமினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

அப்போதுதான் பையிலிருந்து தாளை எடுத்தேன். ஷூ பையை மடியில் வைத்து அதன் மேல் தாளை வைத்து, அவள் பேனாவை வாங்கி, மஞ்சுளா என்று எழுதினேன். பஸ் குலுங்கி 'ளா' கோடு தாண்டிப் போய்விட்டது. ஹேமாவின் நோட்டு எழுத்து மாதிரியே இருந்தது. "பொய் சொன்னதுக்கு வீட்டுக்கு வா, இருக்குது" என்றேன். "செரி" என்றாள்.

இந்த வழியில் பிள்ளையை அனுப்பப் போகிறவர்களுக்கு ஹேமா எழுதுகிற மாதிரி நானும் சொல்கிறேன். 5.05 பஸ்ஸே நல்லது, கண்டக்டருக்குப் பிள்ளைகளைத் தெரியும். ஒரு நாள் செலவு சாப்பாட்டோடு நூற்றைம்பது ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். தை முடியும் வரை ஸ்வெட்டரும் மாசியிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீரும் வேண்டும். கார்டு பிள்ளையின் சொந்தப் பெயரில் இருக்கட்டும். யாமினிக்கு இப்போது அவள் பெயரிலேயே கார்டு வந்துவிட்டது. வாட்ச்மேன் மூன்று நாள் அவளிடம் பேசவில்லை, இப்போது பேசுகிறார். பரீட்சையும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் ஏதாவது ஒன்றை விடச் சொல்ல முடியாது, இந்தப் பிள்ளைகள் விட மாட்டார்கள். நீங்கள்தான் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் ஓட்டலில் பத்து மணி வேலைக்கு மாற்றிக்கொண்டேன். சம்பளம் குறைவு.

இன்னொன்று. பிள்ளை படி இறங்குவதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். முகம் கழுவியிருந்தால் காதுக்குப் பின்னால் தொடுங்கள், அங்கே மறைக்க முடியாது.

இன்று காலை 4.40-க்குத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்புகிற வரை வாசலில் நின்றேன். இருட்டில் பாடம் சொல்கிற சத்தம் கேட்டது. மூச்சு எடுக்கக்கூட நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.